லோகப்பிரியாவின் மூக்கு

"சாமுவேலு, லோகப்பிரியாவுக்கு மறுக்காவும் மூக்கு வெடிச்சுப்போச்சு. மொதலாளி குதியா குதிக்கறாரு. வெசையா வந்து சேரு."

மாரப்பன் டெலிபோன் பூத்தில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி இப்படித்தான் கத்துவார். வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கு என்றைக்கு இருந்தது? லோகப்பிரியா, பவுண்டரி முதலாளி பாலுசாமியின் ஒரே மகள். கல்யாணத்துக்கு ஜாதகம் சுற்றிக்கொண்டிருந்த பெண். ஆசை மகளின் பெயரையே பாலுசாமி தன் படகுக்கும் வைத்திருந்தார். வெடித்தது படகின் மூக்கு. பெண்ணின் மூக்குக்கு ஒரு குறையும் கிடையாது. அப்பனுடையதைப் போலக் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

பாலுசாமிக்குப் படகு எதற்கு என்று கேட்கிறீர்களா? அவருடைய பம்பு செட்டுகள் பவானி முதல் பொள்ளாச்சி வரை கிணறு கிணறாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. மனிதருக்கு அது போதவில்லை. கேபிள் டிவி வந்த புதிதில் அவருடைய சகலை வீட்டு வாசலில் கலர் விளக்குப் போட்டு ஒரு நீரூற்று வைத்தார். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான், இவருக்குச் சோறு இறங்கவில்லை. கரட்டாங்குளத்தில் படகு விடும் குத்தகையை எடுத்தார். கொச்சியில் ஏலத்துக்கு வந்த ஒரு கிழட்டுப் பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நீச்சல் தெரியாத, ஆனால் நன்றாகத் தலையாட்டத் தெரிந்த பங்காளி மாரப்பனை அதற்கு மேனேஜராகப் போட்டார்.

சாமுவேலின் அம்மா பாவாத்தாள் பாலுசாமியின் தோட்டத்தில் வெங்காயத்துக்குக் களை எடுத்தவள். மகனுக்குக் களைக்கொத்து பிடிக்கவில்லை. கொச்சிக்குப் போய் ஒரு படகுத் துறையில் பைபர் வேலை கற்றுக்கொண்டு வந்து, மதுக்கரையில் ஒரு தகர ஷெட்டில் 'சாமுவேல் பைபர் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டினான். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கல்யாண மண்டபத்து வாசலுக்கு யானை என்று எது கேட்டாலும் செய்வான். வேலை சுத்தம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஆள் கொஞ்சம் சிங்காரப் பேர்வழி. பாலிஷ் போட்ட சாமானில் தன் முகம் தெரிந்து, அதைப் பார்த்து ஒருதரம் தலை சீவினால்தான் அதை ஷெட்டை விட்டு வெளியே அனுப்புவான்.

லோகப்பிரியாவின் மூக்கு முதல் தடவை கீறியபோது சாமுவேலைத்தான் கூப்பிட்டார்கள். கீறியது ஜெல்கோட். ஜெல்கோட் என்றால் பைபர் படகின் மேல்தோல். கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்கிற பிசினில் தோய்த்து அடுக்கி வைத்தது உடம்பு. அதன்மேல் வழவழவென்று நிற்கிற வெள்ளைப் பூச்சு இது. வயதாக ஆக விறைத்துப் போகும். விறைத்த பிறகு எதிலாவது நங்கென்று மோதினால், மோதிய இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல நாலாபக்கமும் கீறிக்கொள்ளும்.

சாமுவேல் சும்மா மேலே பூசிவிட்டுப் போகிறவன் இல்லை. ஒவ்வொரு கீறலையும் சின்னக் கிரைண்டரால் வாய்க்கால் மாதிரித் திறந்து, தூசி தட்டி, தின்னர் போட்டுத் துடைத்தான். உள்பக்கம் பாய் வெளுத்திருந்த இடத்தில் புதிதாக இரண்டு பாய் ஒட்டினான். பழைய படகின் வெள்ளை, வெள்ளையே இல்லை. வெயிலில் பழுத்த ஒரு நிறம். அதற்கு ஈடாக வெள்ளை ஜெல்கோட்டில் மஞ்சள் ஒரு பொட்டு, கறுப்பு அதைவிடச் சின்னப் பொட்டு என்று கலந்து கலந்து பார்த்து, அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஊற்றிப் பூசினான். காற்றுப் பட்டால் இது பிசுபிசுவென்றே கிடக்கும் என்பதால் பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் மேலே ஒட்டி மூடினான். காய்ந்ததும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் போட்டு இழைத்து, பாலிஷ் பிடித்து, தலை சீவிக்கொண்டு போனான். எங்கே கீறல் இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரமே அதே இடத்தில் கீறல். மறுபடி செய்தான். மறுபடி கீறல்.

"என்றா சாமுவேலு, ரெசின்ல ஒட்டுனியா, கஞ்சியில ஒட்டுனியா?" என்று பாலுசாமி ஆள் கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாரப்பன் இரண்டு தரம் சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. பாலுசாமி வாயிலிருந்து அடுத்ததாக ஒரு வார்த்தை வந்தது பாருங்கள், அதுதான் வினையாகப் போயிற்று. "பையன் வேலை என்னமோ தெரிஞ்சவனாட்டத்தான் இருக்கறான். கைராசி இல்ல போல."

வேலை தெரியாதவன் என்றால் தெரிந்துகொள்ளலாம். சரக்கு மட்டம் என்றால் நல்ல சரக்கு வாங்கலாம். கைராசி இல்லாதவன் என்று பெயர் எடுத்தால் எந்தக் கடையில் போய் எதை வாங்குவது? பாலுசாமி சொன்னால் அந்த வட்டாரத்தில் அது சர்க்கார் உத்தரவு மாதிரி. பஞ்சு மில்லுக்குச் சாமான் வாங்கிப் போடுகிற சுந்தரராஜுலு, கேன்டீனுக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டி செய்யச் சொல்லியிருந்தவர், ஷெட்டுப் பக்கம் வந்து தலையைச் சொறிந்தார். "இப்ப அவசரமில்லப்பா சாமுவேலு. ஆடி போவட்டும், பாத்துக்கலாம்." தண்ணீர்த் தொட்டிக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? சாமுவேலுக்குப் புரிந்துவிட்டது. இப்படியே இன்னும் நாலு பேர் தலையைச் சொறிந்தால் போர்டைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் கொச்சிக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் மாரப்பனின் போன் வந்தது. "இதா, இப்பவே வாரேனுங்க" என்று டிவிஎஸ்ஸை மிதித்துக்கொண்டு பறந்தான்.

இதற்கு முன்பெல்லாம் அவன் போனது திங்கள், செவ்வாயில். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கரையில் இழுத்து வைத்திருந்த படகின் முன்னால் குந்தி, கீறலைக் குண்டூசியால் நெருடினான். நட்சத்திரத்தின் நடு மையத்தில் பழுப்பாக ஏதோ மாட்டியிருந்தது. இழுத்தால் நார். தேங்காய் நார்.

"ஏனுங்ணா, படகை எதுலயாச்சும் கட்டறீங்களா? கயிறு கியிறு?"

"கயித்துக்கு மூக்குல என்ன வேலை? சித்தெ தள்ளி உக்காரு, மொதலாளி பூசைக்கு வந்துட்டாரு."

சந்தனப் பொட்டும் மொடமொட வேட்டியுமாக பாலுசாமி வந்தார். கற்பூரம் காட்டினார். மாரப்பன் குடுமித் தேங்காய் ஒன்றை நீட்டினார். பாலுசாமி அதைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடி, லோகப்பிரியாவின் மூக்கின்மேல் ஓங்கி ஒரே போடு போட்டார். தேங்காய் இரண்டாகியது. நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டு கால் முளைத்தது.

சாமுவேலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அட கடவுளே, மாசக் கணக்காக நான் ரெசினைச் சந்தேகப்பட்டேன், ஹார்டனரைச் சந்தேகப்பட்டேன், மதுக்கரைச் சிமெண்டு ஆலைத் தூசியைத் திட்டினேன், என் கையையே திட்டினேன்!

மாரப்பன் அதன் வரலாற்றைப் பெருமையாகச் சொன்னார். லாரி என்றால் முன்னால் ரோடு இருக்கிறது, ரோட்டில் உடைக்கலாம். பம்பு செட்டுக்குக் கிணற்று மேட்டில் கல் இருக்கிறது. படகுக்கு முன்னால் என்ன இருக்கிறது? தண்ணீர். முதல் வெள்ளிக்கிழமை தேங்காயைத் தண்ணீரில்தான் அடித்தார்களாம். அது உடையாமல் மிதந்து மிதந்து படகு பின்னாலேயே வந்ததாம். பாலுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டிக்கு முன்னால் உடைக்க இடமில்லாவிட்டால் வண்டியின் முன்னாலேயே உடைத்தால் போகிறது என்று அவரே கண்டுபிடித்த ஏற்பாடு இது. "மொதலாளி மூளை ஆருக்கு வரும்?" என்றார் மாரப்பன்.

"அண்ணா, அதுனாலதானுங்க வெடிக்குது!"

மாரப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கற? நான் சொல்லமாட்டேன் சாமி. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது. நீ வேணும்னா சொல்லிப் பாரு."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நான் சொல்வதா? சாமுவேல் என்கிற பெயரை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன், பாவாத்தாள் மகன், பாலுசாமியிடம் போய்ச் சாமிக்குத் தேங்காய் உடைக்காதீங்க என்று சொல்வதா? சொன்ன வாய் மதுக்கரை வரை வந்து சேருமா? இத்தனைக்கும் நாய் குறுக்கே வந்தால்கூட 'அக்கட்டால போங்க' என்று சொல்லுகிற மரியாதைப்பட்ட சீமை அது. அந்த மரியாதையெல்லாம் எதுவரைக்கும் வரும், எங்கே நின்றுகொள்ளும் என்று சாமுவேலுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

சரி, வீட்டு அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று பாலுசாமியின் மனைவி குழந்தையம்மாளிடம் போனான். பின்கட்டு வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, எங்கெங்கோ சுற்றி விஷயத்துக்கு வந்தான். அந்த அம்மாள் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாந்தமாகச் சொன்னார்.

"மொத வாரமே எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா பாரு, அவிய ஒடைக்கறதுலதான் ஒடையுதுன்னு சொன்னா, அவிய தப்புப் பண்ணுனதா ஆயிருமல்லோ? நீ ஒட்டறது சரியில்லீன்னு இருந்தா ஒருத்தருக்கும் மனசு நோகாது. அப்படியே இருந்துட்டுப் போவட்டும். இன்னொரு டம்ளர் ஊத்தட்டுமா?"

எவ்வளவு பதவிசாகச் சொல்லிவிட்டார் பார்த்தீர்களா! ஒருத்தருக்கும் மனசு நோகாதாம். சாமுவேல் அந்த ஒருத்தரில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. மோரைக் குடித்துவிட்டு வந்தான்.

கடைசியில் பாலுசாமியிடமே சுற்றி வளைத்துப் பார்த்தான். "மொதலாளி, லாரிக்கெல்லாம் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கறாங்களே... படகுக்கும் அந்த மாதிரி ஒரு பழத்தை..."

"எலுமிச்சம்பழமா?" பாலுசாமியின் புருவம் ஏறியது. "எங்கப்பன் தென்னந்தோப்பு வெச்சுட்டுப் போனது எதுக்குடா? சாமிகிட்டக் கஞ்சத்தனம் பண்ணச் சொல்றயா? நீங்க உங்க கோயில்ல மெழுகுவத்தி பத்த வெக்கறீங்களே, நான் வந்து ஒரு தீக்குச்சி போதும்னு சொன்னனா?"

"இல்லீங்க மொதலாளி. தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க."

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. எலுமிச்சம்பழம் என்றதும் பாலுசாமிக்குத் திருஷ்டி ஞாபகம் வந்துவிட்டது. ஓகோ, ஒட்ட ஒட்ட வெடிக்கிறது என்றால் இது வெறும் வெடிப்பு இல்லை, சகலையின் கண்! அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் தேங்காய். ஒன்றுக்கு இரண்டு. அமாவாசைக்குப் பூசணிக்காய், அதுவும் மூக்கின்மேலேயே. வெடிப்பு கூடக் கூடத் தேங்காய் கூடியது, தேங்காய் கூடக் கூட வெடிப்பு கூடியது. சாமுவேல் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தான். திரும்பத் திரும்ப அவன் கைராசியும் தேய்ந்துகொண்டே போயிற்று.

ஆடிப் பதினெட்டு நெருங்கியது. ஆடியானாலும் பெருக்கு நாள் நல்ல நாள்தான் என்று, அன்றைக்கு லோகப்பிரியாவைப் பார்க்க அந்தியூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. பெண்ணைக் காட்டிவிட்டுப் படகிலும் ஒரு சுற்று அழைத்துப் போவது என்று பாலுசாமி முடிவு கட்டியிருந்தார். "அன்னைக்கு மூக்குல ஒரு கோடு தெரிஞ்சுதுன்னா, உன்ற போர்டை நானே வந்து கழட்டிப்போடுவேன்" என்றார்.

சாமுவேல் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வேலை செய்ததில்லை. மூக்கு முழுவதையும் வழித்துத் திறந்து, உள்ளே நல்ல பாயாகப் பார்த்து அடுக்கி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் உருட்டி எடுத்து, நிறம் பார்த்து, பூசி, மூடி, இழைத்து, மறுபடி இழைத்து... விடுங்கள். தாலி கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக்கூட அப்படி அலங்கரிக்க மாட்டார்கள். கையால் தடவினால் வெண்ணெய்.

"எல்லாஞ் செஞ்சு என்னங்க பண்றது?" என்றாள் அவன் மனைவி கயல்விழி. "காலையில வந்து மடார்னு ஒண்ணு போடப்போறாரு. உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? சொல்லிப்போடுங்க."

"அவரா கேட்டாருன்னா சொல்லிப்போடறேன் புள்ள. சத்தியமாச் சொல்லிப்போடறேன். கேக்காம நானாப் போயி எப்படிச் சொல்றது?"

பாலுசாமி எந்தக் காலத்தில் யாரைக் கேட்டிருக்கிறார்? அந்தத் தைரியத்தில்தான் சத்தியம் பண்ணினான்.

ஆடிப் பதினெட்டன்று கரட்டாங்குளத்துக் கரையில் தேர்க்கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். சகலையும் வந்திருந்தார். மில் சுந்தரராஜுலு புதுச் சட்டையில் நின்றிருந்தார். தோப்பிலிருந்து மூட்டையாகவே தேங்காய் வந்து இறங்கியிருந்தது. பட்டுப்புடவையில் லோகப்பிரியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். படகு பெயரைச் சொல்லி யார் எதைப் பேசினாலும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், பாவம், கோபம் வராதா? படகு வெயிலில் மின்னியது. மாப்பிள்ளையின் தகப்பனார் மூக்கைத் தடவிப் பார்த்து, "புதுசுங்களா?" என்று கேட்டார்.

பாலுசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இல்லீங்க, பழசு. நம்ம பையன் ஒருத்தன் செஞ்சான். டேய் சாமுவேலு, இக்கட்டால வா."

சாமுவேல் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சகலை சும்மா இருப்பாரா? "இதுதான் வாராவாரம் வெடிக்குமாமே?" என்றார் சிரித்துக்கொண்டே. கூட்டம் காதைத் தீட்டியது. பாலுசாமியின் முகம் கறுத்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சாமுவேலின் தோளில் கையைப் போட்டார். பாவாத்தாள் குடும்பத்தில் அந்தக் கை பட்ட முதல் தோள் அதுதான்.

"சாமுவேலு, வேலை செய்யறவன் நீ. உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்? எல்லார்த்து முன்னாலயும் நீயே சொல்லு கண்ணு. இது எதுனால வெடிக்குது?"

கேட்டுவிட்டார்!

சாமுவேலின் தொண்டைக்குள் மாசக் கணக்காக உட்கார்ந்திருந்த சொல், வாய்வரைக்கும் வந்தது. மாரப்பனைப் பார்த்தான், அவர் வானத்தைப் பார்த்தார். குழந்தையம்மாளைப் பார்த்தான், அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். சுந்தரராஜுலு கழுத்தை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார். தேங்காய் என்று சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாலுசாமி முட்டாள். தான் சாமி பூசையைப் பழித்த வேதக்காரன். கை என்று சொன்னால், போர்டு போச்சு. இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் மனசு நோகாத ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது தன் வாயிலிருந்து வருவதை அவனே காதால் கேட்டான்.

"திருஷ்டிங்க மொதலாளி. கண்ணு நொம்பப் பொல்லாததுங்க."

"கேட்டீங்களா!" பாலுசாமி துள்ளினார். "சர்ச்சுக்குப் போறவன், அவனே சொல்றான்! இனி ஆராச்சும் பேசுவாங்களா?" சகலையைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். சகலை தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் அத்தனை பேரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். திருஷ்டிக்கு ரெசின் என்ன செய்யும், பாவம், பையன் என்ன செய்வான் என்று சுந்தரராஜுலு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது சாமுவேலின் காதில் விழுந்தது.

நிம்மதிப் பெருமூச்சு விடக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாலுசாமி மூட்டையிலிருந்து நல்ல முற்றின காயாக ஒன்றை எடுத்து, அவன் இரண்டு கையிலும் வைத்தார்.

"இன்னைக்கு மொதக் காய் நீதான் ஒடைக்கற. செஞ்ச கையே ஒடைக்கட்டும்."

"மொதலாளி... நானுங்களா? நான் எப்படிங்க..."

"அட, நான் சொல்றேன் ஒடைடா!"

கூட்டம் விலகி வழி விட்டது. அவன் அப்பனுக்கும் தாத்தனுக்கும் அப்படி ஒரு வழி யாரும் விட்டதில்லை. சாமுவேல் தேங்காயைத் தூக்கினான். கீழே வெள்ளை வெளேரென்று மூக்கு. அதில் அவன் முகம் தெரிந்தது, கையில் தூக்கிய காயோடு. மெதுவாகத் தட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. உடையாமல் போனால் அபசகுனம். கைராசி அங்கேயே செத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பலமெல்லாம் சேர்த்து ஓங்கிப் போட்டான்.

வகிடு எடுத்ததுபோல் சரிபாதியாக உடைந்தது. ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை.

"அடடா!" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். பெண்கள் குலவை போட்டார்கள். "என்ன ராசியான கையி, பாத்தீங்களா!" என்றார் பாலுசாமி. சுந்தரராஜுலு கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "சாமுவேலு, நாளைக்கே தொட்டி வேலையை ஆரம்பிச்சுரு" என்றார்.

சாமுவேல் தலையாட்டினான். தேங்காய்த் தண்ணீர் வழிந்த இடத்தைத் துண்டால் துடைப்பதுபோல் குனிந்து, விரலால் தடவினான். நட்சத்திரத்தின் மையமும், அதிலிருந்து கிளம்பிய கால்களும் விரலுக்குத் தட்டுப்பட்டன. யாரும் பார்க்குமுன் துண்டை அதன்மேல் போட்டு மூடினான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

மாரப்பன் அந்தத் துண்டை மரியாதையாக எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு, அடுத்த தேங்காயை நீட்டினார்.

சாமுவேல் அதையும் வாங்கிக்கொண்டான்.